நாற்பத்து நாலு வயது இன்டர்ன், தன் மாமாவுக்கு எழுதிக்கொண்டது

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மகள் மூவரும் சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலி, அத்தையின் ரத்த அழுத்தம், மாடி வீட்டுக்காரரோடு நடக்கும் தண்ணீர்த் தகராறு ஆகிய மூன்றும் மேற்கொண்டு ஏறாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் நண்பரின் டியூஷன் சென்டரில் எனக்கு ஓர் இடம் பேசி முடித்துவிட்டதையும், ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருப்பதையும், "இந்த வயசில் இதென்ன விளையாட்டு" என்ற வரிக்கு இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருப்பதையும் பார்த்தேன். இரண்டாவது கோட்டில் காகிதம் கிழிந்திருக்கிறது. தங்கள் அக்கறைக்கு நன்றி. நான் வரப்போவதில்லை. ஏன் என்பதை விவரமாக எழுதாவிட்டால் தாங்கள் நேரிலேயே கிளம்பி வந்துவிடுவீர்கள் என்பதால், முழங்காலை மனத்தில் வைத்து எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் 'பயிற்சியாளர்' வேலையில் இருப்பதாக அத்தை தெரு முழுவதும் சொல்லிவிட்டதாகக் கேள்வி. நான் யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை, மாமா. நான்தான் பெறுகிறேன். இதற்கு இன்டர்ன் என்று பெயர். பத்தொன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளைப் பள்ளிக்கூடம் ஆள் குறைப்பில் வீட்டுக்கு அனுப்பியபோது, நடுவயதில் வேலை மாற நினைப்பவர்களும் சேரலாம் என்று ஒரு வங்கி பத்து வாரப் பயிற்சி அறிவித்திருந்தது. பரீட்சை வைத்தார்கள். எழுதினேன். ஆறு பேரை எடுத்தார்கள். மற்ற ஐந்து பேரும் காலேஜை விட்டு நேராக வந்தவர்கள். அந்த ஐந்து பேரின் வயதையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் இருபத்திரண்டு. என்னைச் சேர்த்துக் கூட்டினால் சராசரியே மூச்சு வாங்குகிறது. பத்து வாரம் முடிந்ததும் ஆறில் இரண்டு பேருக்குத்தான் வேலை. அந்த இரண்டில் ஒன்று எனக்கு என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்குப் போனேன். வாசல் காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க பையன் எந்த மாடிம்மா? சாப்பாட்டுப் பையை இங்கயே வச்சுட்டுப் போங்க, நான் குடுத்துடறேன்" என்றார். "பையன் இல்லீங்க, நான்தான்" என்றேன். அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாவம், அவர் சல்யூட் அடித்துவிட்டார். பதினோராவது மாடியில் ஒரு கல்யாண மண்டபம் அளவு கூடம். அறையும் இல்லை, தடுப்பும் இல்லை. நீள நீளமாக மேசைகள். ஒரு மேசை வரிசையில் பதினாலு பேர், ஆளுக்கு நாலு திரை, இரண்டு டெலிபோன். இந்த வரிசைக்குத்தான் டெஸ்க் என்று பெயர். எங்கள் டெஸ்கில் வெளிநாட்டு நாணயம் வாங்கி விற்கிறார்கள். விலை கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும். நாற்காலி, வாங்கி விற்கிற டிரேடர்களுக்கு மட்டும். இன்டர்னுக்கு ஸ்டூல். இரண்டு டிரேடர்களுக்கு நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி, முழங்கை யார் மேலும் படாமல் உட்கார வேண்டும். எனக்குக் கிடைத்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. நாலாக மடித்த காகிதத்தை அதற்கடியில் வைத்துவிட்டுத்தான் நான் என் புதிய வாழ்க்கையைத் தொடங்கினேன்.

இன்டர்னுடைய முதல் வேலை நாணயமும் இல்லை, கணக்கும் இல்லை, காப்பி. பதினாலு பேருக்கும் காலையில் கீழே போய் வாங்கி வர வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல், ஒருவருக்கு இரண்டு மடங்கு, ஒருவருக்குப் பால் தனியாக, ஒருவருக்குக் காப்பியே ஆகாது, வெந்நீர். முதல் நாள் நான் எல்லோருக்கும் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். சர்க்கரைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு வந்த ஆத்திரத்தில் எதையோ விற்றுவிட்டார், அது லாபத்தில் முடிந்ததால் பிழைத்தேன். மறுநாள் வகுப்பில் உட்காரும் வரிசைப் படம் போடுவதுபோல ஒரு தாளில் பதினாலு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் குறி எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு தப்பு இல்லை. மற்ற ஐந்து பிள்ளைகளும் அந்தத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். அன்று முதல் தளம் முழுக்க எனக்கு 'டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. எங்கள் டெஸ்க் தலைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே வேலை செய்வார், நின்றபடியே சாப்பிடுவார், யாராவது ஐந்து வார்த்தைக்கு மேல் பேசினால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

இரண்டாவது வாரத்தில் நடந்ததைத் தங்கள் மாப்பிள்ளை வேறு விதமாகச் சொல்லக்கூடும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி உண்டு. பொத்தானை அழுத்திப் பேசினால் நம் வங்கியின் மற்ற இரண்டு ஊர் அலுவலகங்களிலும் கேட்கும். அன்று பத்து மணிக்கு உங்கள் மாப்பிள்ளை போன் செய்தார். நாளெல்லாம் ஊருக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற மனிதர், வீட்டில் பல்லைக் காட்டுவதே அபூர்வம், அவரே போன் செய்கிறார் என்றால் விஷயம் பெரிது. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் பிடுங்கிக்கொண்டு சமையலறையில் கணுக்கால் வரை தண்ணீர். நான் பதற்றத்தில் முன்னால் சாய்ந்தேன், முழங்கை பொத்தானில் உட்கார்ந்துவிட்டது. "நிறுத்துங்க! முதல்ல நிறுத்துங்க! எதையும் தொடாதீங்க! ஏறிக்கிட்டே போகுதா? கையை வைக்காதீங்க, அப்படியே விட்டுட்டு வெளிய வாங்க!" என்று பின்வரிசைக்கும் கேட்கிற குரலில் கத்தினேன். மூன்று ஊர்களிலும் கேட்டது. அரை நிமிஷம் எங்கள் வங்கியில் ஒருவரும் எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து யாரோ மெதுவாக, "எதைச் சொல்றீங்க மேடம்? எல்லா நாணயத்தையுமா?" என்று கேட்டார். தலைவி என் பக்கம் வந்து, என் முழங்கையைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டு, "தண்ணி நின்னுதா?" என்று கேட்டார். "நின்னுடுச்சு" என்றேன். போய்விட்டார். அன்று முழுக்க என்னைப் பார்த்தவரெல்லாம் பாண்ட் காலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்புறம் ஏன் அங்கேயே கிடந்து அவஸ்தைப்படறே?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மூன்றாவது வாரம் தலைவி எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்து மனக்கணக்கு கேட்டார். பதினேழை இருபத்து மூன்றால் பெருக்கு, அதில் எட்டில் மூன்று பங்கு எவ்வளவு, சீக்கிரம், சீக்கிரம் என்று. பிள்ளைகள் கைப்பேசியைத் தேடி சட்டைப்பையைத் தடவினார்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன். பத்தொன்பது வருஷம் நான் கேட்ட கேள்விகள், மாமா! முதல் தடவையாக யாரோ என்னைக் கேட்டார்கள். உள்ளே எங்கோ மூடிக் கிடந்த ஜன்னல் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. டியூஷன் சென்டரில் எனக்குப் பேசியிருக்கிற வேலை முன்மேசையில் உட்கார்ந்து பெற்றோரிடம் சேர்க்கைப் படிவம் கொடுப்பது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். படிவம் கொடுக்க என் பெருக்கல் வாய்ப்பாடு எதற்கு?

இனி பெரிய தப்புக்கு வருகிறேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதம் எழுதியே பிரயோசனமில்லை. டெஸ்கில் பேச்சு மிகச் சுருக்கம். விலையைக் கேட்டவர் "எனக்கு" என்று சொன்னால் அவர் வாங்குகிறார். "உனக்கு" என்று சொன்னால் விற்கிறார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சே கிடையாது. நாள் முழுக்கப் பெரிய மனிதர்கள் "எனக்கு, எனக்கு" என்று கத்துவதைக் கேட்டால் எல்.கே.ஜி. வகுப்பு நினைவுக்கு வரும். என் பக்கத்து டிரேடருக்கு நான் மனத்துக்குள் வைத்த பெயர் முணுமுணுப்பார். நல்ல மனிதர், வாய் திறக்காமலே பேசுவார். ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவர் இரண்டு காதிலும் இரண்டு டெலிபோனோடு இருந்தபோது மூன்றாவது அடித்தது. எடு என்று எனக்குப் புருவத்தால் ஜாடை காட்டினார். இன்டர்ன் விலை பேசக் கூடாது, சொன்னதைச் சொல்லலாம். எடுத்தேன். மருந்து இறக்குமதி செய்கிற கம்பெனிக்காரர். இருபது லட்சம் டாலர், என்ன விலை என்று கேட்டார். முணுமுணுப்பார் சொன்ன விலையைச் சொன்னேன். கம்பெனிக்காரர் "எனக்கு" என்றார். அதாவது வாங்குகிறார்.

இப்போது கவனியுங்கள், மாமா. நான் திரும்பி "எனக்கு" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அந்த நொடியில் பள்ளிக்கூடம் என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் 'எனக்கு' என்று சொன்னதை நான் சொல்லும்போது அது 'அவருக்கு' என்றுதானே மாற வேண்டும்? நேர்கூற்று, அயற்கூற்று என்று பக்கத்து வகுப்பில் தமிழையா நடத்தியது பத்தொன்பது வருஷமாகச் சுவர் வழியாகக் காதில் விழுந்ததன் பலன். "அவருக்கு!" என்றேன். முணுமுணுப்பாருக்குக் கடைசி எழுத்து மட்டும் கேட்டது. "எனக்கா, உனக்கா?" என்றார். என் மூத்த அதிகாரி அவர். மரியாதை விட்டுப்போகக் கூடாதென்று, "உங்களுக்கு இல்ல சார், அவருக்கு!" என்றேன். இரைச்சலில் முதல் வார்த்தை மட்டும் போய்ச் சேர்ந்தது. மருந்துக்காரர் நம்மிடம் விற்றுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, அப்படி வந்ததாக நினைத்த இருபதை முணுமுணுப்பார் உடனே சந்தையில் விற்றுவிட்டார். மருந்துக்காரருக்கு வேறு இருபது கொடுக்க வேண்டும். கையில் ஒன்றுமில்லாமல் நாற்பதை விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், விலையோ ஏறிக்கொண்டிருக்கிறது.

நான் என் குறிப்பு நோட்டில் 'வாங்குகிறார்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். முணுமுணுப்பார் திரையில் 'விற்கிறார்' என்று இருந்தது. பக்கத்து ஸ்டூல் பையன், நல்ல பிள்ளைதான், என் நோட்டையும் திரையையும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னான்: "பேசாம இருங்க டீச்சர். அவருதானே தப்பாக் கேட்டாரு? சாயங்காலம் போன் பேச்சு பதிவான டேப்பைப் போட்டுப் பார்க்கும்போது பார்த்துக்கலாம். விலையும் அதுக்குள்ள இறங்கிடும்." அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நான் சொன்ன சொல் சரியான சொல்தான். இலக்கணப்படி நூற்றுக்கு நூறு. ஆனால் எத்தனை பிள்ளைகளை நான் கேட்டிருக்கிறேன், "தப்புன்னு தெரிஞ்சதும் ஏன் சொல்லலை?" என்று! அந்தக் குட்டைக்கால் ஸ்டூல் மேலேயே ஏறி நின்றேன். "நிறுத்துங்க! தப்பு நடந்துபோச்சு! மருந்துக்காரர் வாங்கறார்! விக்கலை, வாங்கறார்! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!"

முணுமுணுப்பார் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். அதிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் கை வாயைவிட வேகம். இரண்டே தடவையில் நாற்பதையும் வாங்கிப் போட்டுவிட்டார். ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலை நஷ்டம். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் அது ஒரு வீட்டு விலையாகியிருக்கும் என்று திரையைக் காட்டிச் சொன்னார். தலைவி வந்தார். நான் இன்னும் ஸ்டூல் மேலேயே நின்றுகொண்டிருந்தேன், இறங்க மறந்துபோயிற்று.

"தெரிஞ்சதுக்கும் கத்துனதுக்கும் நடுவுல எத்தனை நொடி?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"ஆறு இருக்கும்."

"அந்த ஆறு நொடி என்ன பண்ணீங்க?"

"பயந்தேன்."

"அடுத்த தடவை மூணுல பயந்து முடிங்க" என்றார். "இப்ப இறங்குங்க. விழுந்து வச்சா அதுக்கு வேற நான் எழுதணும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரு வாரம் நான் டெலிபோனைத் தொடக் கூடாது என்று உத்தரவு. மறுநாள் காலை வந்து பார்த்தால் எல்லா மேசையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'இன்டர்ன்கள் காதில் விழுந்ததை அப்படியே சொல்லவும். இலக்கணம் வேண்டாம்.' வீட்டில் சொன்னபோது மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். உங்கள் மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், "நாளைக்குப் போவியா?" என்றார். "ஆறரைக்குப் போகணும்" என்றேன். எழுந்து போய் என் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். கழுத்துப் பட்டையில் சூட்டுத் தழும்பு விழுந்துவிட்டது, அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அந்த ஒரு வாரம் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். டெலிபோன் தொடாமல், நடக்கிற ஒவ்வொரு பேச்சையும் காதால் கேட்டு, வாங்கலா விற்றலா என்று நோட்டில் குறித்து, பிறகு திரையோடு ஒத்துப் பார்த்தேன். முதல் நாள் நூற்றுக்கு ஒன்பது தப்பு. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. நோட்டைத் தலைவியிடம் நீட்டினேன். கடிகாரத்தைப் பார்க்காமல் நாலு பக்கம் புரட்டினார், மாமா. இந்தத் தளத்தில் அதைவிடப் பெரிய மெடல் கிடையாது. மறுநாள் முணுமுணுப்பார் புருவத்தைத் தூக்கி மூன்றாவது டெலிபோனைக் காட்டினார். எடுத்தேன். காதில் விழுந்ததை அப்படியே சொன்னேன்.

ஆகவே தாங்கள் நண்பரிடம் வருத்தம் தெரிவித்துவிடவும். வருகிற புதன்கிழமை முடிவு சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது, உயரம்கூட அளந்து வைத்துவிட்டேன், முதுகுக்கு ஒரு திண்டும் வாங்கியாயிற்று. தங்கள் அக்கா மகளின் வேலை நிலைத்துவிட்டது என்றே இதைப் படித்ததும் எல்லோருக்கும் தைரியமாகச் சொல்லலாம். அத்தை இனிமேல் 'பயிற்சி' என்ற சொல்லையே விட்டுவிடலாம்.

தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தொடரட்டும். அத்தைக்கு என் வணக்கம். உப்பைக் குறைக்கச் சொல்லவும். மாடி வீட்டுக்காரரோடு பேச்சை இன்னும் குறைக்கச் சொல்லவும். மகள் தங்கள் இருவருக்கும் அன்பு சொல்லச் சொன்னாள். தாங்கள் என்னைத் திட்டியே கடிதம் எழுதினாலும் ஆசீர்வாதத்தைக் கடைசி வரியில் மறக்காமல் எழுதுகிறீர்கள், அதை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பேச்சைக் கேட்காத, ஆனால் தங்கள் மேல் அன்பு குறையாத
அக்கா மகள்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் ஐந்து நாளாகக் கைப்பைக்குள்ளேயே கிடந்துவிட்டது. அதற்குள் புதன்கிழமை வந்து போய்விட்டது. நான் தேர்வாகவில்லை. ஆகையால் மேலே 'சந்தேகமே இல்லை' என்பதில் தொடங்கி 'விட்டுவிடலாம்' வரை அடித்துவிட்டுப் படிக்கவும். இரண்டு இடமும் பிள்ளைகளுக்குப் போய்விட்டன. தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் தடவையாக உட்கார்ந்து பேசினார். "பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். அவங்க கை உங்க கையைவிட வேகம். இங்க இருக்கிறது ரெண்டே நாற்காலி" என்றார். சரி என்றேன். "அழணும்னா அழுங்க, நான் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன்" என்றார். "இல்லீங்க. எதிர்க் கட்டடத்துல இருக்கிற பாங்க்ல இன்டர்ன் எடுக்கறாங்களான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன். அவர் உடனே டெலிபோனை எடுத்தார். "ஒரு ஆள் அனுப்பறேன். மெதுவான கை. ஆனா தப்பு பண்ணினா உங்களுக்கு முதல்ல தெரியும், அவங்களே ஸ்டூல் மேல ஏறிச் சொல்லிடுவாங்க" என்று யாரிடமோ சொன்னார். அது பாராட்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வரிகளை எதிர்க் கட்டடத்தின் எட்டாவது மாடியில், கழுத்தில் விருந்தாளி அட்டையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயும் ஆறு பேர்தான் எடுப்பார்களாம், இங்கேயும் ஸ்டூல்தான், மறுபடி முதல் வாரத்திலிருந்து. எதிரில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு என் மகளைவிட நாலு வயது கூட இருக்கும், பயத்தில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். தங்கள் நண்பரிடம் நான் சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிடவும், ஒன்றாம் தேதி நான் வரவில்லை. என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன்.